ஒரு மெஷினும் நூறு கடன்காரர்களும்

மார்க் ட்வைன் யாரென்று தெரியாது என்று மட்டும் சொல்லாதீங்க. டிபார்ட்மென்ட் காரிடாரில் ஒட்டியிருக்கும் போஸ்டரில், யாரோ ஒரு சீனியரின் லிங்க்ட்இன் பதிவில், காலையில் வரும் குட்மார்னிங் ஃபார்வர்டில் என்று எங்கேயாவது அவர் பெயரைப் பார்த்திருப்பீங்க. பெயருக்கு மேல் ஒரு பொன்மொழி இருக்கும். அதில் நிறைய அவர் சொன்னதே கிடையாது. யார் சொன்னதென்று தெரியாத நல்ல வரிகளையெல்லாம் அவர் கணக்கில் எழுதுவது உலக வழக்கமாகிவிட்டது. அதனால் இந்தக் கட்டுரையில் அவருடைய பொன்மொழி ஒன்றுகூட வராது. நாம் பார்க்கப்போவது அவருடைய கடன் கணக்கு.

எஜுகேஷன் லோன் எடுத்துப் படிக்கிறவங்களும், ஸ்டார்ட்அப் ஆரம்பிக்கப் போறேன் என்று ஹாஸ்டலில் சொல்லிக்கொண்டு திரிகிறவங்களும் கொஞ்சம் கவனமாகப் படிங்க. இந்த மனிதர் ஒரு மெஷினில் பணம் போட்டு எல்லாவற்றையும் இழந்தார். பிறகு ஐம்பத்தொன்பது வயதில் உலகத்தைச் சுற்றி மேடை மேடையாக ஏறி, ஜனங்களைச் சிரிக்க வைத்து, அந்தக் கடனைக் கடைசி டாலர் வரை அடைத்தார்.

அவருடைய உண்மைப் பெயர் சாமுவேல் லாங்ஹார்ன் கிளெமென்ஸ். 1835 நவம்பர் 30 அன்று அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் பிறந்தார். வளர்ந்தது மிசிசிப்பி ஆற்றங்கரையில் ஹானிபல் என்ற சின்ன ஊரில். அப்பா இறந்தபோது பையனுக்குப் பதினொரு வயது. படிப்பு சீக்கிரமே முடிந்துபோனது. ஊரில் ஒரு அச்சகத்தில் வேலை பழகச் சேர்த்துவிட்டார்கள். சம்பளம் கிடையாது, சாப்பாடும் துணியும் மட்டும். அங்கே கற்றுக்கொண்ட வேலைதான் பின்னால் அவரைத் தெருவுக்குக் கொண்டுவந்தது என்பதால் அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

கம்பாசிட்டர் என்ற வார்த்தை நம்ம தாத்தா காலத்தோடு போய்விட்டது. அப்போது ஒவ்வொரு எழுத்தும் ஈயத்தில் வார்த்த தனித்தனித் துண்டு. சின்னச் சின்ன அறைகள் உள்ள பெட்டியிலிருந்து அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கையில் பிடித்திருக்கும் சட்டத்தில் அடுக்க வேண்டும். வரி முடியும் இடத்தில் வார்த்தைகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டிக் குறைத்து ஓரத்தைச் சமப்படுத்த வேண்டும். வேர்டில் நீங்க கன்ட்ரோலும் ஜேயும் அழுத்துகிறீங்களே, அதே வேலைதான், ஆனால் கையால். அச்சடித்து முடித்த பிறகு எல்லா எழுத்தையும் பிரித்து, அதனதன் அறையில் திரும்பப் போட வேண்டும். ஒரு பத்திரிகைப் பக்கத்துக்கு எத்தனை எழுத்து வரும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

இந்தத் தொழிலை வைத்துக்கொண்டு செயின்ட் லூயிஸ், நியூயார்க், ஃபிலடெல்ஃபியா என்று ஊர் ஊராகச் சுற்றினார். 1857-இல் மிசிசிப்பி நீராவிப் படகுகளில் பைலட் வேலை பழகினார். ஆறு அடிக்கடி தன் உருவத்தை மாற்றும். மணல் திட்டு நேற்று இருந்த இடத்தில் இன்று இருக்காது. அந்த ஆற்றை மைல் மைலாக, இரவிலும் தெரியும்படி மனப்பாடம் செய்தவனுக்குத்தான் லைசன்ஸ். 1859-இல் அது கிடைத்தது. அதற்கு முந்தைய வருடம் அவர் தம்பி ஹென்றி வேலை பார்த்த படகில் பாய்லர் வெடித்தது. ஹென்றி இறந்துபோனான். அந்தப் படகில் தம்பியைச் சேர்த்துவிட்டவர் அண்ணன்தான். அந்தக் குற்ற உணர்ச்சி அவரை விட்டுப் போகவே இல்லை. பின்னால் வரப்போகும் விஷயங்களுக்காக இதை ஞாபகம் வைத்துக்கோங்க.

1861-இல் உள்நாட்டுப் போர் வந்து ஆற்றுப் போக்குவரத்து நின்றது. அண்ணனோடு நெவாடாவுக்குப் போனார். வெள்ளிச் சுரங்கத்தில் பணக்காரனாகலாம் என்று தோண்டிப் பார்த்து ஒன்றும் கிடைக்காமல் பத்திரிகை நிருபர் ஆனார். 1863-இல் மார்க் ட்வைன் என்ற புனைபெயரைப் போட ஆரம்பித்தார். அது ஆற்றுப் படகுக்காரர்களின் சொல். ஆழம் பார்க்கும் கயிற்றில் இரண்டாவது அடையாளம், அதாவது பன்னிரண்டு அடித் தண்ணீர், படகு பயமில்லாமல் போகலாம் என்று அர்த்தம். பயமில்லாமல் போகலாம் என்று பெயர் வைத்துக்கொண்டவர் பணத்தில் ஒருமுறைகூட ஆழம் பார்த்துக் கால் வைத்ததில்லை.

மேடைக்கு வந்ததும் காசுக்காகத்தான். ஹவாய்த் தீவுகளுக்கு ஒரு பத்திரிகைக்காகப் போய்த் திரும்பியவர், 1866 அக்டோபர் 2 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு அரங்கை வாடகைக்கு எடுத்தார். விளம்பரத்திலேயே குறும்பு: கதவு ஏழு மணிக்குத் திறக்கும், தொல்லை எட்டு மணிக்கு ஆரம்பிக்கும் என்ற அர்த்தத்தில் அச்சடித்திருந்தார். உள்ளுக்குள் ஒரே உதறல். யாரும் சிரிக்காவிட்டால் என்ன செய்வது என்று தெரிந்தவர்களைக் கூட்டத்தில் அங்கங்கே உட்காரவைத்து, நான் பார்த்தால் சிரிக்கணும் என்று ஏற்பாடு செய்துவைத்ததாக அவரே பின்னால் எழுதியிருக்கிறார். கல்ச்சுரல்ஸில் நம்ம பசங்களும் இதைத்தானே செய்யறாங்க! அன்று அந்த ஏற்பாட்டுக்குப் பெரிய தேவை இருக்கவில்லை. அரங்கு நிறைந்தது.

மேடையில் அவர் பேசுவதைப் பார்த்தவர்களுக்கு, இந்த ஆள் தயார் செய்யாமல் வந்து மனதில் தோன்றியதை இழுத்து இழுத்துப் பேசுகிறார் என்று தோன்றும். அதற்குப் பின்னால் இருந்த உழைப்பு அசாதாரணமானது. புத்தகத்தில் இருப்பதை அப்படியே வாசித்தால் சபையில் எடுபடாது என்று அனுபவத்தில் கண்டுகொண்டார். கண்ணுக்காக எழுதின வாக்கியம் காதுக்கு விறைப்பாக இருக்கும். அதனால் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து, பேச்சுமொழிக்கு உடைத்து, ஒவ்வொரு ஊரிலும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே போவார். அடுத்தது என்ன என்பதை மறக்காமல் இருக்க ஆரம்பத்தில் விரல் நகங்களில் மையால் எழுத்துகளை எழுதிக்கொண்டாராம். முடிந்ததை நக்கி அழிக்கவும் முடியாது, பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். விஷயத்தைவிட நகத்தில் இவருக்கு என்ன இவ்வளவு அக்கறை என்று சபையினர் குழம்பியிருக்கிறார்கள். அப்புறம் சின்னச் சின்னப் படங்கள் வரைந்து அதைப் பார்த்து ஞாபகம் வைக்கும் முறைக்கு மாறினார். வைவாவுக்குப் போகும்போது பயன்படும்னு சொல்லிவைக்கிறேன்.

அவருடைய பெரிய ஆயுதம் இடைநிறுத்தம். தங்கக் கை என்று ஒரு பேய்க் கதை சொல்வார். புதைத்த பிணத்திலிருந்து தங்கக் கையைத் திருடியவனைத் தேடிப் பேய் வரும். கடைசியில் குரலைத் தாழ்த்தி, நிறுத்தி, சபையில் ஒரு ஆளைப் பார்த்துக்கொண்டே இருந்து, திடீரென்று பாய்வார். அந்த மௌனம் ஒரு துளி கூடினாலும் குறைந்தாலும் கதை செத்துவிடும் என்பது அவர் கணக்கு.

இந்தக் கதையில் ஒரு வேதனை இருக்கிறது. அவர் மூத்த மகள் ஸூசி 1891-இல் பிரின் மார் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவை அங்கே பேசக் கூப்பிட்டிருந்தார்கள். அந்தப் பேய்க் கதையை மட்டும் இங்கே சொல்லாதீங்க என்று மகள் கெஞ்சிக் கேட்டுக்கொண்டாள். படித்த, நாகரிகமான தோழிகள் முன்னால் அப்பா ஒரு கிராமத்துப் பேய்க் கதை சொல்வதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவர் சரி என்றார். மேடை ஏறியதும் அதே கதையைச் சொன்னார். ஸூசி அழுதுகொண்டே வெளியே ஓடிவிட்டாள். ஏன் சொன்னார்? எனக்குப் புரிகிற அளவில், கூட்டம் தன் கைக்குள் வந்துவிட்ட பிறகு அவரால் அதை விட முடியவில்லை. மேடைப் பைத்தியம் பிடித்த யாரையாவது பக்கத்தில் இருந்து பார்த்திருந்தால் உங்களுக்கும் இது புரியும்.

ஸூசி அவருக்குச் சாதாரண மகள் இல்லை. 1885-இல், பதின்மூன்று வயதில், யாரும் சொல்லாமலே தன் அப்பாவின் வாழ்க்கை வரலாற்றை ரகசியமாக எழுத ஆரம்பித்தவள். உலகம் அப்பாவை வெறும் ஜோக் அடிக்கிறவராகவே பார்க்கிறது என்பது அவளுக்குக் கோபம். அந்தப் பக்கங்களை அவர் கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தார்.

இப்போது மெஷினுக்கு வருவோம்.

1880-களில் அவர் பெரிய ஆள். 1870-இல் வசதியான குடும்பத்துப் பெண் ஒலிவியாவை, வீட்டில் லிவி, கல்யாணம் செய்தார். ஹார்ட்ஃபோர்டில் மாளிகை மாதிரி வீடு. டாம் சாயர் வந்தாகிவிட்டது. சொந்தப் பதிப்பகம் தொடங்கி, ஹக்கிள்பெரி ஃபின்னையும், அதன்பின் முன்னாள் ஜனாதிபதி கிராண்ட்டின் நினைவுக் குறிப்புகளையும் வெளியிட்டார். கிராண்ட் இறந்த பிறகு 1886-இல் அவர் மனைவிக்கு இரண்டு லட்சம் டாலருக்கு ஒரே செக் கொடுத்த பதிப்பகம் அது. புதுக் கருவி எது வந்தாலும் அவருக்கு வேண்டும். 1874-லேயே டைப்ரைட்டர் வாங்கினார். வீட்டில் டெலிபோன் வைத்தார். அவர் பெயரிலேயே மூன்று பேடன்ட் உண்டு. அதில் தானே ஒட்டிக்கொள்ளும் ஸ்க்ராப்புக் நல்ல காசு பார்த்தது. நிகோலா டெஸ்லாவுக்கு நண்பர். டெஸ்லாவின் லேபில் அவர் கையில் விளக்கு எரியும் ஃபோட்டோ நெட்டில் கிடைக்கிறது, பாருங்க.

இப்படிப்பட்டவரிடம் ஜேம்ஸ் பேஜ் என்ற கண்டுபிடிப்பாளர் வந்தார். கம்பாசிட்டரின் வேலை மொத்தத்தையும் செய்யும் மெஷின். எழுத்தைப் பொறுக்கும், அடுக்கும், வரியைச் சமப்படுத்தும், அச்சடித்து முடிந்ததைப் பிரித்துப் போடும். ஏறத்தாழ 18,000 பாகங்கள். அந்த வேலையைச் சிறு வயதில் செய்து விரல் தேய்ந்தவருக்கு, மெஷின் அதைத் தானாகச் செய்வதைப் பார்த்தபோது என்ன ஆகியிருக்கும்! முதலில் சின்னத் தொகைதான் போட்டார். பிறகு மாதம் மூவாயிரம் டாலர் வரை போக ஆரம்பித்தது. 1889 ஜனவரி 5 அன்று மெஷின் முதல்முறையாக ஒரு வரியை அடுக்கிச் சமப்படுத்தியதும், மனித சரித்திரத்திலேயே பெரிய நாள் என்கிற மாதிரி அண்ணனுக்குக் கடிதம் எழுதினார்.

ஆனால் பேஜ் ஒரு விசித்திரமான ஆள். மெஷின் ஓட ஆரம்பித்தால் போதும், இன்னும் நன்றாக்கலாம் என்று கழற்றிப் போட்டுவிடுவார். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தைய நாள் ராத்திரி வேலை செய்துகொண்டிருக்கும் சர்க்யூட்டைப் பிரிக்கிற டீம்மேட் உங்களுக்கும் ஒருத்தன் இருப்பான், அவன்தான் பேஜ். இதற்கிடையில் 1886-லேயே ஓட்மர் மெர்கென்தாலரின் லைனோடைப் நியூயார்க் ட்ரிப்யூன் பத்திரிகையில் ஓடத் தொடங்கிவிட்டது. இங்கேதான் நமக்குப் பாடம் இருக்கிறது. பேஜின் மெஷின் மனிதக் கையை அப்படியே நகல் எடுக்கப் பார்த்தது. மெர்கென்தாலர், எழுத்தை எதற்குப் பொறுக்க வேண்டும் என்றே கேட்டார். அச்சுகளை வரிசையாக நிறுத்தி, உருகிய உலோகத்தை ஊற்றி, முழு வரியையும் ஒரே கட்டியாக வார்த்துவிட்டார். வேலை முடிந்ததும் மறுபடி உருக்கினால் தீர்ந்தது. பிரித்துப் போடும் வேலையே இல்லை. சிம்பிளான டிசைன் ஜெயித்தது. பேஜின் மெஷின் 1894-இல் சிகாகோவில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் சோதனைக்கு நின்றது. ஓடும்போது அழகாக ஓடியது. அடிக்கடி நின்றும்போனது. அதோடு அதன் கதை முடிந்தது.

அதில் அவர் இழந்தது சுமார் மூன்று லட்சம் டாலர் என்று சொல்கிறார்கள். அந்தக் காலத்து மூன்று லட்சம். லிவியின் சொத்தும் அதோடு போனது. 1893-இல் அமெரிக்காவில் பெரிய பொருளாதாரச் சரிவு வேறு. 1894 ஏப்ரலில் பதிப்பகம் திவாலானது. கிட்டத்தட்ட நூறு பேருக்கு, ஏறத்தாழ ஒரு லட்சம் டாலர் பாக்கி. காகிதம் விற்றவர், அச்சடித்தவர், பைண்டிங் செய்தவர், வங்கிகள் எல்லாம் அதில் உண்டு.

ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியின் பெரும்புள்ளி ஹென்றி ராஜர்ஸ் உதவிக்கு வந்தார். தொழிலில் இரக்கமே இல்லாதவர் என்று பெயர் எடுத்தவர், நண்பனுக்காக நாள் கணக்கில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார். புத்தகங்களின் காப்பிரைட்டை லிவி பெயருக்கு மாற்றிக் காப்பாற்றியதும் அவர்தான். கடன்காரர்களோடு பேசி ஒரு பகுதியைக் கொடுத்து முடித்துக்கொள்ள வழி இருந்தது. திவாலான கம்பெனிக்குச் சட்டம் அந்தச் சலுகையைக் கொடுக்கிறது. லிவி ஒத்துக்கொள்ளவில்லை. டாலருக்கு டாலர் கொடுத்தாக வேண்டும் என்றார். கணவரும் அதே முடிவுக்கு வந்து, ஊரறியப் பத்திரிகையில் அறிக்கையும் கொடுத்துவிட்டார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும். மெஷினில் பணம் போட்டவர் அவர். கெட்ட பெயரும் அவருக்கு. ஆனால் பாதியில் நழுவ விடாமல் பிடித்து நிறுத்தியவர் லிவி. பாராட்டெல்லாம் இவருக்குப் போனது சரிதானா?

பணத்துக்கு ஒரே வழி மேடை. 1895 ஜூலையில் லிவி, இரண்டாவது மகள் கிளாரா இருவரோடும் உலகப் பயணம் கிளம்பினார். ஸூசிக்கும் கடைசி மகள் ஜீனுக்கும் வர விருப்பமில்லை. எல்மைரா ஊரில் பெரியம்மா வீட்டில் தங்கினார்கள். ரயில் நிலையத்தில் ஸூசி நின்று கையசைத்ததை அவர் பின்னால் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறார்.

அப்போது அவர் காலில் ராஜபிளவை. பல நாள் படுத்த படுக்கையாக இருந்துவிட்டு எழுந்து வந்தவர். முதல் நிகழ்ச்சி கிளீவ்லாண்டில், கொளுத்தும் வெயில் காலத்தில். மேடையில் அவருக்குப் பின்னாலேயே சிறு பையன்களை வரிசையாக உட்காரவைத்திருந்தார்கள். அவர்கள் நெளிந்த நெளியலில் நிகழ்ச்சி பாதி கெட்டது. அங்கிருந்து மேற்கே வான்கூவர் வரை ஊர் ஊராக. பிறகு கப்பலில் ஃபிஜி, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கொழும்பு, பம்பாய். எல்லா இடத்திலும் கூட்டம். ஒழுக்கத்தைப் பற்றிப் பேசப்போவதாகச் சீரியஸாக ஆரம்பிப்பார். உலகத்தில் உள்ள அத்தனை தப்பையும் ஆளுக்கு ஒருமுறை செய்து முடித்துவிட்டால், அம்மை குத்திக்கொண்ட மாதிரி அப்புறம் அந்தத் தப்பு நம்மை அண்டாது என்று தன் திட்டத்தை விளக்குவார். சபை விழுந்து விழுந்து சிரிக்கும். அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையாது. அதற்கு நடுவில், ஓடிவந்த அடிமை ஜிம்மைக் காட்டிக் கொடுக்காமல் ஹக் பொய் சொல்லித் தப்பிக்க வைக்கும் பகுதியைச் செருகுவார். சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் கொஞ்ச நேரம் அடங்கிப்போகும்.

ஹோட்டல் அறைக்குத் திரும்பினால் நோட்டுப் புத்தகம். தினமும் பார்த்ததை எழுதுவார். பம்பாயில் பால்கனிக்கு வந்து உட்கார்ந்து தன் உடை, நிறம், தொழில் எல்லாவற்றையும் விமர்சனம் செய்யும் காக்காய்களைப் பற்றி அவர் எழுதியதைப் படித்தால் உங்க வீட்டு மொட்டை மாடி ஞாபகத்துக்கு வரும். காசியில் பாஸ்கரானந்த சரஸ்வதி சுவாமியைச் சந்தித்து, ஹக்கிள்பெரி ஃபின் ஒரு பிரதியைப் பரிசாகக் கொடுத்தார். டார்ஜீலிங் மலை ரயில் பாதையில் என்ஜின் இல்லாத சின்னத் தள்ளுவண்டியில், பிரேக் மட்டும் நம்பி, முப்பத்தைந்து மைல் சரிவில் இறங்கினார். வாழ்க்கையிலேயே இவ்வளவு சந்தோஷமாக ஒரு நாள் கழிந்ததில்லை என்கிற மாதிரி எழுதியிருக்கிறார். ஜெய்ப்பூரில் நோய்வாய்ப்பட்டுப் படுத்தார். இருமல் போகவே இல்லை.

அந்தக் குறிப்புகளில் என்னை நிறுத்திய இடம் ஒன்று உண்டு. பம்பாய் ஹோட்டலில் ஒரு வெள்ளைக்காரர், சின்ன விஷயத்துக்காக நம்ம ஊர் வேலைக்காரர் ஒருவரின் தாடையில் அறைந்தார். வாங்கியவர் ஒன்றும் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டிருந்த ட்வைனுக்கு ஐம்பது வருடம் பின்னால் போய்விட்டது மனம். மிசௌரியில் அவர் அப்பாவும் வீட்டு அடிமைப் பையனை அடிப்பவர்தான். எஜமான் ஒருவன் தன் அடிமையை அற்பக் காரணத்துக்காக இரும்புக் கட்டியால் அடித்ததையும், அவன் இறந்துபோனதையும் சிறுவனாகப் பார்த்திருக்கிறார். ஊரில் யாரும் அதை ஏற்கவில்லை, ஆனால் யாரும் அதைப் பற்றி அதிகம் பேசவும் இல்லை. இதையெல்லாம் அந்த நிமிடத்தில் அந்த அறை கிளறிவிட்டதை எழுதுகிறார். ஜோக் எழுதுகிறவர் என்று நினைத்து வாசித்துக்கொண்டே போனால் திடீரென்று இது வந்து நிற்கும். ஸூசி சொன்னது இதைத்தானோ என்னவோ.

மார்ச் கடைசியில் கல்கத்தாவிலிருந்து கப்பல் ஏறினார். நம்ம சென்னையிலும் கப்பல் ஒரு நாள் நின்றது. அதைப் பற்றி அவர் எழுதியது அரை வரிதான். கொஞ்சம் வருத்தம்தான், என்ன செய்ய! பிறகு இலங்கை, மொரீஷியஸ், தென்னாப்பிரிக்கா. ஒரு வருடத்தில் நூற்றுக்கும் மேலான மேடைகள். 1896 ஜூலை 31 அன்று இங்கிலாந்து வந்து சேர்ந்தார்கள். கில்ட்ஃபோர்டில் ஒரு வீடு எடுத்து, மற்ற இரண்டு மகள்களும் வந்து சேரக் காத்திருந்தார்கள்.

வந்தது கடிதம். ஸூசிக்கு உடம்பு சரியில்லை என்று. லிவியும் கிளாராவும் பதறிக் கப்பல் ஏறினார்கள். அவர் மட்டும் கில்ட்ஃபோர்டில் இருந்தார். ஆகஸ்ட் 18 அன்று, அம்மா இன்னும் நடுக்கடலில் இருக்கும்போது, ஹார்ட்ஃபோர்டில் அந்தப் பழைய வீட்டில் ஸூசி இறந்துபோனாள். மூளைக்காய்ச்சல். வயது இருபத்து நான்கு. தனியாக நின்றிருந்தவர் கையில் தந்தி வந்து சேர்ந்தது. மனைவிக்குச் சொல்லக்கூட வழியில்லை. கப்பலுக்கு ஃபோன் போட முடியாத காலம் அது.

அவர் தன்னைத்தான் குற்றவாளி ஆக்கினார். மெஷினில் பணம் போட்டேன், கடனாளி ஆனேன், கடனுக்காக ஊர் சுற்றினேன், மகள் பக்கத்தில் இல்லாமல் போனேன் என்று ஒவ்வொரு கண்ணியாகக் கோத்துப் பார்த்தார். ஹென்றி விஷயத்திலும் இதையேதான் செய்தார். தர்க்கப்படி இது சரியில்லை என்று நாம் சொல்லலாம். இறந்தவர் வீட்டில் போய்த் தர்க்கம் பேச முடியுமா?

ஆனாலும் கடன் அப்படியே இருந்தது. லண்டனில் யாரையும் பார்க்காமல் ஒதுங்கி உட்கார்ந்து, அந்த நோட்டுப் புத்தகங்களை வைத்துப் பயண நூலை எழுதினார். 1897-இல் வெளிவந்தது. வாசித்தால் நிறைய இடத்தில் சிரிப்பு வரும். எந்த மனநிலையில் எழுதினார் என்று தெரிந்த பிறகு அந்தச் சிரிப்பு கொஞ்சம் தொண்டையில் நிற்கிறது. அதே வருடம் ஒரு நியூயார்க் பத்திரிகை அவருக்காக நிதி திரட்ட ஆரம்பித்தது. முதலில் சரி என்றவர், வீட்டில் எதிர்ப்பு வந்ததும் வேண்டாம் என்று நிறுத்தச் சொன்னார். 1898 ஜனவரியோடு நூறு பேருக்கும் முழுப் பாக்கியும் தீர்ந்தது. அமெரிக்கப் பத்திரிகைகள் கொண்டாடின.

அடுத்து அவர் செய்ததைக் கேட்டால் நம்ப மாட்டீங்க. கடன் அடைத்து சில மாதம்கூட ஆகவில்லை. வியன்னாவில் யான் ஷ்செபானிக் என்ற இளம் கண்டுபிடிப்பாளரைச் சந்தித்தார். நெசவு டிசைனை ஃபோட்டோ முறையில் தயாரிக்கும் மெஷின். உடனே அதன் உரிமையை வாங்க விலை பேச ஆரம்பித்துவிட்டார்! நல்லவேளை, ராஜர்ஸ் பக்கத்தில் விசாரித்த பிறகு அது நடக்கவில்லை. எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1900-இல் ஊர் திரும்பினார். ஏகாதிபத்தியத்தைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். 1904-இல் லிவி இத்தாலியில் காலமானார். 1907-இல் ஆக்ஸ்ஃபோர்ட் டாக்டர் பட்டம் கொடுத்தது. ஐந்தாம் வகுப்பைத் தாண்டிச் சரியாகப் படிக்காத ஆள், அந்தச் சிவப்பு அங்கியைக் கிடைத்த சாக்கிலெல்லாம் போட்டுக்கொண்டு அலைந்தார். 1909 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் ஜீனும் வலிப்பு வந்து இறந்தாள். 1910 ஏப்ரல் 21 அன்று அவர் போனார். அவர் பிறந்தபோது வானத்தில் ஹாலி வால்நட்சத்திரம் வந்திருந்தது. போகும்போதும் வந்திருந்தது.

ஆனால் 1906-இல் நடந்த ஒன்றைச் சொல்லாமல் முடிக்க முடியாது. அந்த வருடம் ஜனவரியில் சுயசரிதை சொல்ல ஆரம்பித்தார். காலையில் கட்டிலில் தலையணைகளில் சாய்ந்துகொண்டு பேசுவார், சுருக்கெழுத்தாளர் எழுதிக்கொள்வார். வருட வரிசை எதுவும் கிடையாது. அன்று பேப்பரில் என்ன வந்ததோ, என்ன தோன்றியதோ அதில் ஆரம்பிப்பார். நடுவில் மனம் போன பக்கம் போவார். தான் செத்து நூறு வருடம் கழித்துத்தான் முழுசாக வர வேண்டும் என்று சொல்லிவைத்தார். அதன்படி முதல் தொகுதி 2010-இல் வந்தது. தினமும் சொல்லிக்கொண்டே வந்தவர், ஒரு கட்டத்தில் ஸூசி பதின்மூன்று வயதில் எழுதிய அந்த வாழ்க்கை வரலாற்றை எடுத்து வைத்துக்கொண்டார். அதிலிருந்து கொஞ்சம் வாசிப்பார். பிறகு அதற்கு ஒரு உரை மாதிரித் தன் ஞாபகங்களைச் சொல்வார். மறுபடி கொஞ்சம் வாசிப்பார். அவள் செய்திருந்த எழுத்துப் பிழை எதையும் திருத்தக் கூடாது என்பது அவர் உத்தரவு.

மார்க் ட்வைன் ப்ராஜெக்ட் என்ற தளத்தில் அந்தச் சுயசரிதை இலவசமாகவே இருக்கிறது. தொகுதி பெரிசு, பயப்படாதீங்க. முதலில் ஸூசி வரும் பக்கங்களைத் தேடிப் படிங்க. பிழைகள் அப்படியே இருக்கின்றன.